பழுப்புக் கோடுகளும் எஃகுப் பள்ளத்தாக்கும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை நோக்கி வடக்கே ஓடும் மொனாங்கஹீலா ஆற்றின் கரைகளில் எஃகு ஆலைகள் வரிசைகட்டி நின்ற காலம் ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு நில ஆய்வுத்துறை இப்பள்ளத்தாக்குக்கு வெளியிட்ட நிலத்தோற்ற வரைபடங்களை விரித்தால், கண் முதலில் கறுப்பில்தான் விழும். தண்டவாளம், தெரு, கட்டடம் என மனிதர் போட்டதெல்லாம் கறுப்பு. நீர் நீலம். மேடு பள்ளம் பழுப்பு. என்னைக் கேட்டால் பழுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். கறுப்பு ஏன் அங்கே வந்தது என்பதை அதுதான் சொல்லும்.

ஒவ்வொரு பழுப்புக் கோடும் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கிறது. 20 அடி ஏற்றத்துக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இந்த ஆற்றின் இருபுறமும் அவை நெருக்கியடித்து நிற்கின்றன. ஆறு வளையுமிடத்தில், வளைவின் உட்பக்கம் மட்டும் சற்று வெறுமை. ஆறு வண்டலைக் கொட்டிச் சமன்செய்த நிலம் அது. நீளமான ஆலைக் கொட்டகைக்கும் ரயில் பாதைக்கும் வேறு இடம் ஏது? நிலக்கரிப் படகு அணையவும் அதுவே வசதி. தொழிலாளர் வீடுகள்தான் சரிவில் ஏற வேண்டியதாயிற்று.

அளவையாளர் முக்காலிமேல் பலகை வைத்து, தொலைநோக்கி பூட்டிய சட்டத்தால் குறிபார்த்து, களத்திலேயே வரைந்தார். சில புள்ளிகளின் உயரம் அளந்தது. அவற்றுக்கிடையே கோடு எப்படி நெளிகிறது என்பது பெரும்பாலும் அவர் கண்மதிப்பு. பிறகு நிறத்துக்கொரு செப்புத்தகட்டில், இடவலம் மாற்றிச் செதுக்கினார்கள். ஒரு மைல் நிலம் ஏறக்குறைய ஓர் அங்குலமாயிற்று.

பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே, ஆற்றின் பெரிய வளைவொன்றுக்குள் டொனோரா என்ற ஊர். 1901இல் உருவானது. சுற்றியுள்ள குன்றுகள் சுமார் 400 அடி எழுகின்றன. வரைபடக் கணக்கில் 20 கோடுகள். 1948 அக்டோபர் இறுதியில், மேலே நின்ற வெப்பக் காற்று கீழிருந்த குளிர்காற்றை மூடி போட்டதுபோல் அடைத்தது. துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் கக்கிய புகை குன்றுகளைத் தாண்ட முடியாமல் நாள்கணக்கில் ஊருக்குள்ளேயே தங்கியது. 20 பேர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். புகைக்கு வரைபடத்தில் நிறமில்லை. ஆனால் அதை அடைத்த சுவர்கள் நெடுங்காலமாகவே பழுப்பில் பதிவாகிவந்தவை.

பழைய தாள்களை நில ஆய்வுத்துறை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. டொனோராவைத் தேடுபவர்கள் 1957க்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று என இரண்டு தாள்களை எடுத்துப் பார்க்கலாம். துத்தநாக ஆலை மூடப்பட்டது அந்த ஆண்டில்தான்.