கழலையை விரட்டிய உப்பு

இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் பள்ளிப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு மேல் கழுத்துக் கழலை இருந்தது. மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துச் சென்றுவிட, விளைச்சலிலும் அது இல்லை. கழலையாவது கண்ணுக்குத் தெரிகிற குறை. தாய்க்கு அயோடின் போதாமல் குழந்தை செவிடாகவோ மந்தமாகவோ பிறப்பதுதான் பெருங்கொடுமை.

டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதா உப்பும் வழங்கினர். ஆறு ஆண்டுகளில் அவ்விரண்டிலும் கழலை பாதியாயிற்று, மற்றதில் குறையவேயில்லை. பாவம், அவர்களுக்குப் பிறகுதான் நல்ல உப்பு கிடைத்தது!

கல்லுப்புதான் ருசி என்று ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு மலைப் பிரதேசங்களுக்கு வேலைக்குப் போகும் நம்மவர், அதில் அயோடின் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அயோடின் உப்பானாலும் அடுப்போரம் திறந்து வைத்தால் சத்து குறைந்துவிடும். மூடி போட்ட ஜாடியே சரி.