வெயிலுக்குப் பழகும் கன்றும் கலத்தின் தற்காப்பும்

1867 ஆம் ஆண்டிற் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கிய அப்பயிரோடு இம்மலைச்சாரல்களின் வாழ்வு பிணைந்துள்ளது. இன்று தாய்ச்செடியிலிருந்து வெட்டிய தண்டுத் துண்டுகளை நாற்றுமேடையில் நிழலிட்டு வளர்ப்பர். வேரூன்றிய கன்றுகளை ஒரே நாளில் வெயிலுக்குக் கொணரார். நிழலைப் படிப்படியாகக் குறைத்து, முற்றாக நீக்கிய பின்னரே மலைச்சரிவில் நடுவர். திடீரென வெயிலிற்பட்ட கன்றின் இலை கருகும். பழகிய கன்றின் இலை தாங்கும். ஒரே வெயில் ஒன்றை வாட்டுவதும் மற்றொன்றை வலுப்படுத்துவதும் எங்ஙனம்?

இதற்குரிய விடையின் பெரும்பகுதி ஒட்சிசனிலே உள்ளது. இலையின் பச்சையவுருமணிகள் தம்மாற் பயன்படுத்த இயலாத அளவு ஒளியைப் பெறும்போது, இலத்திரன்கள் ஒட்சிசனைச் சென்றடைகின்றன. அதனால் ஐதரசன் பரவொட்சைட்டு முதலிய தாக்கும் இயல்புடைய பொருள்கள் தோன்றுகின்றன. அவை கலத்தின் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் சிதைக்க வல்லன. இந்நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு எனப்படும். சுவாசத்தின்போதும் இவை சிறிதளவு தோன்றுவதால், விலங்கின் கலமும் இதற்கு விலக்கன்று.

எனினும் கலம் காவலற்றதன்று. உருளைக்கிழங்குத் துண்டின்மீது ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலை ஊற்றினால் நுரை பொங்குவதைப் பாடசாலை ஆய்வுகூடத்திற் காணலாம். கற்றலேசு என்னும் நொதியம் அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பதே அதன் காரணம். வேறு நொதியங்களும் விற்றமின் சீயும் அக்காவலிற் பங்கு கொள்கின்றன.

இக்காவல் எப்போதும் ஒரே அளவினதன்று, தேவைக்கேற்பப் பெருகுவது. மனிதக் குடலில் வாழும் பற்றீரியா ஒன்றை முதலிற் சிறிதளவு ஐதரசன் பரவொட்சைட்டுக்கு உட்படுத்தினால், பின்னர் கொல்லத்தக்க அளவையும் அது தாங்குமென 1983 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் புரதமொன்றிலுள்ள கந்தக அணுக்கள் ஒட்சியேற்றப்படும்போது அப்புரதம் உருமாறி, காவல் நொதியங்களை ஆக்கும் பரம்பரையலகுகளை இயக்குகின்றது. தீங்கு செய்யும் பொருளே தீங்கை அறிவிக்கும் தூதுமாகின்றது. தாவரக் கலத்தில் உறுப்புக்கள் வேறாயினும் நெறி இதுவே. நிழல் குறையுந்தோறும் கன்றின் காவல் பெருகுகின்றது.

ஆயின் இத்தகைப்புக்கு ஓர் எல்லை உண்டு. காவல் பெருகுவதற்குக் காலம் வேண்டும். அக்காலம் வாய்க்குமுன் தாக்குதல் மிகுந்தாற் கலம் மடியும். மறுபுறம், தூதை அடியோடு தடுப்பதும் நன்றன்று. 2009 இல் ஜெர்மானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சியோடு விற்றமின் சீ, ஈ மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்ட இளைஞரிடம் பயிற்சியின் நற்பயன்கள் சில தோன்றவில்லை. பிந்திய ஆய்வுகள் அனைத்தும் இதனோடு உடன்படவில்லை. ஆயினும், ஒட்சியேற்றம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு நலம் என்னும் எளிய கருத்து ஐயத்துக்குரியதாயிற்று.

எனவே சிறு தகைப்பைப் பகையென்று மட்டும் கருதலாகாது. அளவும் கால இடைவெளியுமே கலத்தின் வாழ்வையும் மடிவையும் தீர்மானிக்கின்றன. வறட்சிக் காலத்தில் மலைச்சரிவில் நிற்கும் கன்று பிழைப்பது, அதற்கு முந்திய வாரங்களில் நிழல் எவ்வாறு நீக்கப்பட்டது என்பதையும் பொறுத்ததாகும்.