படுக்கை நிறைந்த ஆஸ்பத்திரி கடனில் விழுவது எப்படி?

அரியமங்கலத்தில் ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ புத்தூர் ஜி.எச்.சுக்குப் போகும், இல்லையென்றால் தென்னூருக்கோ கன்டோன்மென்ட்டுக்கோ போகும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் பெயர்ப்பலகையை நம்பித்தான் உள்ளே போகிறோம். முதலாளி யார், கட்டடம் யாருடையது, கடன் எவ்வளவு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்க முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

ராயல் ரோட்டில் ‘சீ ஹார்ஸ்’ என்று திருச்சிக்காரர்கள் சொல்லிப் பழகிய மருத்துவமனை காவேரி குழுமத்தின் கைக்கு மாறியதை நாம் பார்த்தவர்கள். 1999-ல் நம் ஊரில் தொடங்கிய அதே காவேரி, 2023-ல் சென்னை வடபழனியில் ஃபோர்ட்டிஸ் நடத்திவந்த மருத்துவமனையை 152 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடையாறில் இருந்த ஃபோர்ட்டிஸ் மலர் 2024-ல் எம்ஜிஎம் வசம் போனது. அத்துடன் சென்னையில் ஃபோர்ட்டிஸ் பலகையே இல்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் நாடெங்கும் ஆஸ்பத்திரிகளை வாங்கிக் குவித்த நிறுவனம் அது. அதன் கதை தெரிந்தால் இந்தத் தொழிலின் உள்கணக்கு புரியும்.

ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் வாரிசுகளான மால்விந்தர் சிங், சிவிந்தர் சிங் சகோதரர்கள் நடத்தியதுதான் ஃபோர்ட்டிஸ். முதல் மருத்துவமனை 2001-ல் மொகாலியில் திறந்தது. புதிதாக ஒரு ஆஸ்பத்திரி கட்டினால் நிலம், கட்டடம், ஸ்கேன் இயந்திரம் என்று பணம் முதலிலேயே போய்விடும். டாக்டருக்குப் பெயர் வந்து, படுக்கை நிறைந்து, லாபம் கண்ணில் படச் சில வருஷம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரிகளை வாங்குவது குறுக்குவழி. 2005-ல் டெல்லி எஸ்கார்ட்ஸ் இதய மருத்துவமனையை வாங்கினார்கள். 2009-ல் வோக்கார்ட்டின் 10 மருத்துவமனைகளை 909 கோடிக்கு வாங்கினார்கள். 2010-ல் சிங்கப்பூரின் பார்க்வே குழுமத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதை முழுதாகப் பிடிக்கும் போட்டியில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானாவிடம் தோற்றார்கள். பிறகு ஹாங்காங், வியட்நாம், ஆஸ்திரேலியா என்று கிளம்பினார்கள். வாங்கியதில் பலவற்றைக் கடனைக் குறைக்கவே பின்னால் விற்க வேண்டி வந்தது.

2012-ல் நடந்ததைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தன் மருத்துவமனைக் கட்டடங்கள் பலவற்றை ஒரு வணிக டிரஸ்ட்டின் பெயருக்கு மாற்றி, அதைச் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் இறக்கியது ஃபோர்ட்டிஸ். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி. கையில் மொத்தமாகப் பணம் வரும். ஆனால் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் கட்டணம் கட்டியாக வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீவர்ட் குழுமமும் 2016-ல் இதைத்தான் செய்தது. 2024 மே மாதம் திவால் மனு கொடுத்தது. ஆகஸ்ட் 31 அன்று மாசசூசெட்ஸில் அதன் இரண்டு மருத்துவமனைகள் மூடப்பட்டன. அக்கம்பக்கத்து மக்கள் அவசர சிகிச்சைக்கு வேறு ஊர் தேட வேண்டியதாயிற்று.

ஃபோர்ட்டிஸில் வினை இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. 2008-ல் ரான்பாக்ஸியை ஜப்பானின் டாயிச்சி சாங்க்யோவுக்கு விற்றபோது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் விசாரணை பற்றிய உண்மையை மறைத்தார்கள் என்று 2016-ல் சிங்கப்பூர் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. வட்டியோடு சேர்த்துச் சுமார் 3,500 கோடி கட்ட வேண்டும். சகோதரர்களின் ஃபோர்ட்டிஸ் பங்குகளோ ஏற்கெனவே அடகில் இருந்தன. நகையைப் போலத்தான் பங்கும்: கடன் திரும்பாவிட்டால் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், முதலாளிகளின் பங்கு 2018 பிப்ரவரிக்குள் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதே மாதம், நிறுவனத்தின் பணம் 473 கோடி ரூபாய் கைமாற்றுக் கடனாக வெளியே போயிருந்தது அம்பலமானது. சகோதரர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, 403 கோடியை வட்டியோடு திருப்பித் தர உத்தரவிட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு வழக்கில் இருவருக்கும் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இத்தனைக்கும் நடுவில் ஆபரேஷன் நடந்தது, நர்ஸுகள் ஷிப்ட் மாறினார்கள், கேன்டீனில் கூட்டம் குறையவில்லை. நோயாளி கட்டிய பில்லுக்குக் குறைவே இல்லை. படுக்கையில் சம்பாதித்த பணம், படுக்கைக்குச் சம்பந்தமில்லாத கடனுக்கு ஈடாக நின்றது. என் பார்வையில் இதுதான் பெரிய குற்றம்.

கடைசியில் 2018 நவம்பரில் 4,000 கோடி ரூபாய் போட்டு 31 சதவீதப் பங்கை எடுத்தது மலேசியாவின் ஐஎச்எச். பார்க்வே போட்டியில் ஃபோர்ட்டிஸை வென்ற கஸானா வளர்த்த நிறுவனம் அது. விற்ற கட்டடங்களை ஃபோர்ட்டிஸ் சுமார் 4,650 கோடி கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரிகள் பிழைத்தன.

ஆகவே, பங்குச் சந்தையில் உள்ள மருத்துவமனை நிறுவனமானால் அதன் முதலாளிகள் எத்தனை சதவீதப் பங்கை அடகு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சந்தை இணையதளத்தில் வரும். வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் போகும் ஆஸ்பத்திரியின் பெயர் மாறினால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் உங்கள் இன்ஷூரன்ஸ் கேஷ்லெஸ் வசதியும் அங்கே தொடர்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.