மட்டக்குதிரையை நெருங்கும் விதம்

மட்டக்குதிரையோடு பழக ஆசைப்படுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அதற்கு நேர் எதிரே போய் நெற்றியைத் தொடப் பார்ப்பார்கள். அங்கேதான் அதற்குப் பார்வை எட்டாது. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், நெற்றிக்கு மிக அருகிலும் வாலுக்கு நேர் பின்னாலும் வருவது அதற்குத் தெரியாது. தோள் பக்கமாக, பேச்சுக் கொடுத்தபடி மெல்லப் போங்கள்.

ஆஸ்திரேலியக் குதிரைப் பயிற்சியாளர் கெல் ஜெஃப்ரி கையாண்ட முறை இது: நெருங்கு, குதிரை மிரளும் முன்பே விலகு, மறுபடி நெருங்கு. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் குதிரைகளின் நடத்தையை ஆராய்ந்த பேராசிரியர் பால் மெக்ரீவி வலியுறுத்துவதும் இதையொட்டியதுதான். கயிற்றை இழுப்பதால் குதிரை கற்பதில்லை. அது ஓரடி எடுத்து வைத்த அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்துவதால் கற்கிறது. தாமதித்துத் தளர்த்தினால், பாவம், எதைச் செய்தது சரி என்று அதற்கு எப்படிப் புரியும்?

இன்னொன்று. தட்டிக்கொடுப்பதைவிடச் சொறிந்துகொடுங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று, பிரான்சின் காமார்க் குதிரைகளை வைத்து 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்வதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.