பிறர் பிள்ளை நம் வீட்டில்

 

சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்தி மணமாகி இலண்டனில் வாழ்கிறாள். கணவர், மாமியார், கல்லூரியில் பயிலும் கொழுந்தன், மூன்று வயது மகள், பத்து மாத மகன் என்று குடும்பம் பெரிது. வருவாயின் பெரும்பகுதியை வாடகையே விழுங்கிவிடுகிறது. அண்மையில் தொலைபேசியில் கேட்டாள்: "ஹஜ்ரத், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை வீட்டிலேயே கூலிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?"

தொழிலில் குறையில்லை. கூலி பேசிப் பாலூட்டும் தாயை அமர்த்த அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் அனுமதியளிக்கிறது. நம் பெருமானார் (ஸல்) அவர்களே ஹலீமா நாயகியின் இல்லத்தில் வளர்ந்தவர்கள் அல்லவா? ஆனால், மார்க்கம் அனுமதித்துவிட்டது என்பதாலேயே அவளுடைய வீடு அதற்குத் தகுதி பெற்றுவிடாது. ஆகவே, அந்நாட்டுச் சட்டத்தை முழுமையாக விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன் வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்ப்பவர் 'சைல்டுமைண்டர்' எனப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 'ஆஃப்ஸ்டெட்' என்னும் அரசுத் துறையிலோ, அதற்கென உள்ள முகவர் அமைப்பிலோ பதியலாம். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் கட்டாயம். இவற்றையெல்லாம் அவள் மலைக்காமல் ஏற்றுக்கொண்டாள்.

அவள் மலைத்தது கணக்கில்தான். ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களுள் பள்ளிப் பருவம் எய்தாத சின்னஞ்சிறார் மூவருக்கு மேல் கூடாது. ஒரு வயது நிரம்பாதது பொதுவாக ஒன்றே. சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடக்கம்! மகளும் மகனும் இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டால், கூலிக்கு வரக்கூடிய சிறு குழந்தை ஒன்றே ஒன்று. மற்ற மூவர் பள்ளி விட்டு மாலையில் வருவோராகத்தான் இருக்க முடியும். ஐந்து பிள்ளைகளின் கூலியை மனத்தில் வைத்துக் கடனடைக்கத் திட்டமிட்டிருந்தவள் அவள்.

அடுத்து, வீட்டில் வாழும் 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். "நாங்கள் என்ன களவாணிகளா?" என்று மாமியார் மனம் நொந்தாராம். அந்த மூதாட்டியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனினும், முன்பின் அறியாதவர் வீட்டில் நம் பேரக்குழந்தையை விடுவதானால் நாமும் இதைத்தானே கேட்போம்? அமானிதம் பெறுபவர் விசாரணைக்கு முகம் சுளிக்கலாகாது.

பிள்ளையை அடிப்பதும் கூடாது. அடிப்பேன் என்று மிரட்டுவதும் கூடாது. (மதரஸாவில் பிரம்பைக் கீழே வைக்க எனக்கே பல ஆண்டுகள் ஆயின என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.)

"பதிவு செய்யாமலே தெரிந்தவர்களின் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் என்ன?" என்று தயங்கியபடி கேட்டாள். வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னேன். அது சட்டத்தை மீறுவதாகும். ஒரு பிள்ளை படியில் தவறி விழுந்தால், அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது?

மகனுக்கு ஒரு வயது கடக்கட்டும், மகள் பள்ளிக்குச் செல்லட்டும், அதன்பின் விண்ணப்பிக்கலாம் என்பது என் கருத்து. அதற்குள் வீட்டார் மனமும் இணங்கக்கூடும். ஆனால் வாடகை காத்திருக்காது என்று அவள் சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை.

சென்ற வாரம் மீண்டும் பேசினாள். முதலுதவி வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை. வகுப்புக்குச் செல்லும் நாள்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாமியார்தானாம்.