வளர்ச்சி ஊசியின் பலனை முன்னறிவிக்கும் ரத்தம்

வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை பெறும் குழந்தைக்குப் பொதுவாகத் தினமும் ஒரு ஊசி, அதுவும் பல ஆண்டுகளுக்கு. ஹார்மோன் குறைபாடு உள்ளவர்கள், டர்னர் குறைபாட்டுடன் பிறந்த பெண் குழந்தைகள், எடை குறைந்து பிறந்து பிறகும் வளர்ச்சியில் பின்தங்கியவர்கள் எனப் பலருக்கும் இது தரப்படுகிறது. ஒரே அளவில் மருந்து கொடுத்தாலும் ஒரு குழந்தை மளமளவென்று வளர்கிறது. இன்னொரு குழந்தையிடம் பெரிய மாற்றமே இருப்பதில்லை. இதை உயரத்தை அளந்துதான் தெரிந்துகொள்வது என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். பருவமடைதல் முற்றியதும் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிவிடும். ஆகவே வீணாகும் ஒவ்வோர் ஆண்டும் குழந்தைக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு. ரத்தத்தில் முன்கூட்டியே அறிகுறி தேடுவது இதற்காகத்தான்.

பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அதிகம். அதனால் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. குளோனிடின் போன்ற மருந்தால் சுரப்பியைத் தூண்டி, சில முறை ரத்தம் எடுத்து, உச்ச அளவைக் கண்டறிகிறார்கள். ஜெர்மன் மருத்துவர் மைக்கேல் ராங்கேயின் குழு 1999இல் வெளியிட்ட கணிப்பு முறையில், ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளின் முதல் ஆண்டு வளர்ச்சியை மிக நன்றாக முன்னறிவித்தது இந்த உச்ச அளவே. அது எவ்வளவு குறைவோ, ஊசியின் பலன் அவ்வளவு கூடுதல். வயது, பெற்றோர் உயரம், எடை, மருந்தின் அளவு ஆகியவற்றையும் சேர்த்தபோது, குழந்தைகளுக்கிடையிலான வேறுபாட்டில் 61 சதவீதத்துக்கு விளக்கம் கிடைத்தது.

எஞ்சிய பகுதிக்கான விடையை மரபணுக்களில் தேடினார்கள். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லாத குழந்தைகளின் வளர்ச்சி வேகம் சிகிச்சையில் 1.7 முதல் 2 மடங்கு கூடுதலாக உயர்ந்ததாக 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பின்வந்த ஆய்வுகளில் சில இதை ஏற்றன, சில ஏற்கவில்லை. பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ரத்த அணுக்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு செயல்படுகின்றன என்று பார்த்து, கணினியின் துணையோடு பலனைக் கணிப்பது அவர்கள் முறை. ஒற்றை மரபணுவை நம்புவதைவிட இது பொருத்தமான வழியே. ஆனால் அன்றாட மருத்துவத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

ஊசி தொடங்கிய பிறகு மருத்துவர்கள் முதலில் பார்ப்பது ஐஜிஎஃப்-1 என்ற புரதத்தை. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் இதன் அளவு நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். சில வாரங்களில் இது உயரவில்லை என்றால் ஊசி தவறாமல் போடப்படுகிறதா, சத்துக் குறைவு உள்ளதா, தைராய்டு சரியாக உள்ளதா என்று விசாரிக்க வேண்டும். ஆனால் இது உயர்ந்த அளவுக்கு உயரமும் கூடும் என்ற உறுதி இல்லை.

எலும்பிலிருந்தே வரும் சேதி கொலாஜன் எக்ஸ். வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்பு எலும்பாக மாறும்போது இந்தப் புரதம் சிதைந்து, அதன் துணுக்கு ரத்தத்தில் கலக்கிறது. குழந்தை அப்போது வளரும் வேகத்தோடு இத்துணுக்கின் அளவு ஒத்துப்போவதை 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்து உலரவைத்த ஒரு சொட்டு ரத்தமே இதற்குப் போதும். எலும்பு முறிவு ஆறும்போதும் இது உயரும் என்பதால், அண்மையில் கை கால் முறிந்த குழந்தைக்கு இந்த அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.