கல்லில் மோதிய வண்டி: ஸ்டீயரிங் கோளாறைக் கண்டறிவது எப்படி?

செம்பனைத் தோட்டங்களிலும் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களிலும் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு மழைக்காலம் சோதனைக் காலம். சேற்றுக்கு அடியில் கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. முன்சக்கரம் ஒருமுறை பலமாக மோதினால் போதும். தார்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சில வாரங்களில் டயரின் ஓரம் தேய்ந்துவிடும்.

பலர் உடனே டயர் கடைக்குப் போய், அலைன்மென்ட் பார்க்கச் சொல்வார்கள். கணினி சக்கரங்களின் கோணத்தை அளந்து காட்டும். டை ராடைத் திருகி அளவைச் சரிசெய்தால் ஸ்டீயரிங்கும் நேராகிவிடும். ஆனால், மோதலில் வளைந்த பாகம் வளைந்தபடியே வண்டியில் இருக்கும். நாளை ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும்போது அது முறிந்தால், ஓட்டுநர் என்ன செய்ய முடியும்?

எனவே, மோதலுக்குப் பிறகு அலைன்மென்ட் என்பது கடைசி வேலை. கோளாறு எங்கே என்று கண்டறிவதே முதல் வேலை. வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களும் படிக்க எண்ணுபவர்களும் அதன் ஒழுங்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கேளுங்கள்

எந்தச் சக்கரம் மோதியது? எந்த வேகத்தில்? இப்போது வண்டி என்ன செய்கிறது? ஓட்டுநரின் பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

வண்டி நேராக ஓடுகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணல் என்றால் டை ராட் வளைந்திருக்கலாம், அல்லது பின் அச்சு நகர்ந்திருக்கலாம். ஒரு பக்கம் இழுத்தால் டயர், பிரேக், சக்கரக் கோணம் ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். வேகம் கூடும்போது அதிர்ந்தால் ரிம் அல்லது டயர் கெட்டிருக்கலாம். குழியில் இறங்கும்போது 'டக் டக்' என்று ஒலித்தால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிய சாலையின் ஓரம் சற்றுச் சரிவாக இருக்கும். அதனால் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. அது கோளாறு அல்ல.

எளியதிலிருந்து தொடங்குங்கள்

முதலில் வண்டியைக் கழுவுங்கள். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறு ஒன்றே சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்து ஸ்டீயரிங்கை அதிரச் செய்யும். கழுவியபின் அதிர்வு நின்றால் வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்து டயரின் காற்றழுத்தம். பக்கச்சுவரில் வீக்கம் இருந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். ரிம்மின் விளிம்பு நசுங்கியுள்ளதா என்று உட்புறமும் பாருங்கள். டயர்கள் நன்றாக இருந்தும் வண்டி இழுத்தால், முன்சக்கரங்களை இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் டயரில், மாறாவிட்டால் வேறிடத்தில்.

கையால் அசைத்துப் பாருங்கள்

வண்டியை ஜேக்கால் தூக்கி, தாங்கியில் நிறுத்துங்கள். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

சக்கரத்தைக் கடிகாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். 9, 3 ஆகிய இடங்களைப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனையையோ ரேக்கையோ சந்தேகிக்கலாம். 12, 6 ஆகிய இடங்களைப் பிடிக்கும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இவ்விரண்டையும் பிரித்தறிய, நண்பரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங்; தொடர்ந்தால் பால் ஜாயிண்ட்.

பிறகு இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். மோதாத பக்கமே உங்களுக்கு மாதிரி. டை ராட் நேராக உள்ளதா? ரேக்கின் ரப்பர் உறை கிழிந்துள்ளதா? ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில் கீழ் ஆர்ம் பொருத்தப்பட்டுள்ள இடத்தில் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட் இருக்கும். அதன் அருகில் துருவுக்கும் அழுக்குக்கும் நடுவே புதிய உலோகம் பளபளத்தால், மோதலில் ஆர்ம் இடம் நகர்ந்திருக்கிறது.

பின்பக்கத்தையும் மறக்காதீர்கள். இவ்வகை வண்டிகளின் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்குகளுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்தால் அச்சு சற்றுப் பின்னுக்கு நகரும். வண்டி நண்டு போல் பக்கவாட்டாக ஓடும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு அதிகமாக இருந்தால், முன் அல்லது பின் சக்கரம் இடம் மாறியிருக்கிறது.

இயந்திரம் காட்டும் எண்கள்

இதற்குப் பிறகுதான் அலைன்மென்ட் இயந்திரம். அதில் மூன்று கோணங்கள் முக்கியம். மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது 'டோ'. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு 'கேம்பர்'. சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டுப் பார்வையில் முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது 'காஸ்டர்'. மோதல் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அந்தப் பக்கத்தின் காஸ்டர் குறையும். வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

டோ ஏன் டயரைத் தின்கிறது என்பதைக் கணிதத்தில் படித்த சைன் விகிதமே சொல்லும். ஒரு சக்கரம் 0.5 பாகை மட்டும் தவறாகத் திரும்பியிருப்பதாகக் கொள்வோம். 0.5 பாகையின் சைன் மதிப்பு ஏறத்தாழ 0.0087. அதாவது, வண்டி 1 கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் 8.7 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசப்படுகிறது. 1,000 கிலோமீட்டரில் அது 8.7 கிலோமீட்டர். டயர் தேயாமல் என்ன செய்யும்?

எந்தப் பாகம் வளைந்தது என்பதையும் எண்களே காட்டிக்கொடுக்கும். சக்கரம் திரும்பும் அச்சு, முன்னாலிருந்து பார்க்கும்போது வண்டியின் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வையும் கேம்பரையும் கூட்டுங்கள். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் உள்ள வண்டியில் கேம்பர் மாறியும் கூட்டுத்தொகை மாறவில்லை என்றால், ஆர்ம் வளைந்திருக்கிறது அல்லது இடம் நகர்ந்திருக்கிறது. அச்சின் சாய்வு சரியாக இருந்து கூட்டுத்தொகை மட்டும் மாறியிருந்தால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வளைந்திருக்கிறது. ஒரு கூட்டல் கணக்கு, தேவையற்ற பாகங்களை வாங்கும் செலவை மிச்சப்படுத்துகிறது.

எதைச் செய்யக்கூடாது?

வளைந்த டை ராடையும் நக்கிளையும் நெருப்பில் காட்டி, சுத்தியலால் அடித்து நிமிர்த்தக்கூடாது. சூடாக்கினால் உலோகத்தின் வலிமை குறையலாம்; அடித்து நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம். மாற்றுவது ஒன்றே வழி. மாற்றியபின் அலைன்மென்ட் செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு உள்ள வாகனங்களில், ஸ்டீயரிங் கோணத்தை உணரும் கருவிக்கும் புதிய நடுநிலையைக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

படிக்க விரும்புவோருக்கு

வாகனத் தொழில்நுட்பத்தைத் தொழிற்கல்விக் கல்லூரிகள், போலிடெக்னிக்குகள், மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் ஆகியவற்றில் படிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் முதல் 3 நிலைகளுக்கும், அதற்கு மேல் 4ஆம், 5ஆம் நிலைகளில் டிப்ளோமாக்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவதால் இவை அரசாங்கம் அங்கீகரித்த தகுதிகள்.

பயிற்சிக்குப் பட்டறைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கிக் கொடு, போதும்" என்று வண்டிக்காரரே சொல்லக்கூடும். வளைந்த பாகத்தை அவருக்கு நேரில் காட்டுங்கள். கண்டதை வேலைச் சீட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் நீங்கள். அதில் ஏறிப் போகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.